இச்சைக்கு ஓர் ஆள் வேடம்: வாசகர் கேள்வி – பதில்

போதையிலிருந்து மீண்டு வரும் ஒருவரை அமானுஷ்ய உருவம் ஒன்று வந்து மயக்கப் பார்க்கும் குறும்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பேயின் ஒப்பனைக்குச் செலவிடும் அக்கறையில் கால்பங்கைக்கூட இப்படங்கள் மனிதனின் மனத்துக்குச் செலவிடுவதில்லை என்பது என் குறை. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குடியிலிருந்தும் பிற போதைகளிலிருந்தும் மீள்வது மருத்துவமும் குடும்பமும் சம்பந்தப்பட்ட காரியம். அதில் பேய்க்கு என்ன வேலை? உள்ளதை உள்ளபடி சொன்னால் போதாதா?

போதும். உள்ளபடி சொல்லி நெஞ்சில் நின்ற படங்கள் பல உண்டு. ஆனாலும் இந்தக் கதைக்குள் பேய் நுழைந்ததற்குத் தக்க காரணம் இருக்கிறது. மீண்டு வருபவர்களின் பேச்சைக் கவனித்தால் இது புரியும். 'குடிக்கலாமா என்று யோசித்தேன்' என்று அவர்கள் சொல்வது அரிது. 'அது கூப்பிட்டது', 'இரவெல்லாம் என்னை விடவே இல்லை' என்றே பலரும் சொல்வார்கள். தன்னுடைய விருப்பமே தனக்கு அந்நியமாகி, வெளியிலிருந்து யாரோ இடும் கட்டளைபோல் கேட்கும் அனுபவம் அது. அதைக் காட்சியாக்க நினைக்கும் இயக்குநர், அந்தக் குரலுக்கு ஓர் ஆளைக் கொடுத்துவிடுகிறார்.

இந்த உத்திக்கு நூறாண்டுக்கும் மேல் வயதாகிறது. செல்மா லாகர்லாஃப் 1912-இல் எழுதிய நாவலைத் தழுவி, சுவீடனில் விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கி நடித்து 1921-இல் வெளிவந்த படம், ஆங்கிலத்தில் 'தி ஃபாண்டம் கேரேஜ்' என்று அறியப்படுவது, ஒரு குடிகாரனின் கதைதான். ஆண்டின் கடைசி இரவில் கல்லறைத் தோட்டத்தில் குடித்துக்கொண்டிருக்கும் டேவிட் ஹோம் என்பவனிடம் மரணத்தின் வண்டி வந்து நிற்கிறது; அந்த ஆண்டில் கடைசியாகச் சாகிறவன் அடுத்த ஓராண்டுக்கு அந்த வண்டியை ஓட்டி உயிர்களைச் சேகரிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் படத்தில் என்னை உறையவைத்த காட்சியில் பேயே இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு குழந்தைகளுடன் ஒதுங்கிய மனைவியை நோக்கி, உயிரோடிருக்கும் அவன் கோடாலியால் அந்தக் கதவைப் பிளக்கிறான். பேயும் வண்டியும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இதைப் பார்க்கவைப்பதற்காகத்தான் படத்தில் இருக்கின்றன. பேய்க்கு இதைவிடப் பொருத்தமான வேலையை எவரும் இன்னும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடுமையாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தும்போது உண்மையிலேயே உருவங்கள் தெரிவதுண்டு. தோலின்மேல் பூச்சி ஊர்வதாகத் தோன்றும், இல்லாதவர்களின் பேச்சு காதில் விழும். இந்த நிலையின் கடுமையான வடிவத்துக்கு 'டெலிரியம் டிரெமன்ஸ்' என்று 1813-இல் பெயரிட்டவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். கடைசியாகக் குடித்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இது நிறுத்தத்தின் கதை. மீட்சியின் கதை அதற்குப் பிறகு, உடல் தெளிந்து, கண்ணும் காதும் ஒழுங்காக வேலை செய்யும் மாதங்களில் நடப்பது. அப்போது அவருக்கு எந்த உருவமும் தெரிவதில்லை; இச்சை மட்டும் வருகிறது. ஆகவே மீட்சியைப் பற்றிய படத்தில் பேய் வந்தால் அது நோயின் அறிகுறியாக இராமல் உவமையாக இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பி, ஓராண்டாகக் குடிக்காதவருக்குப் பூச்சி ஊர்வதாகக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது, எழுதியவர் இந்த மனிதர்களில் ஒருவரிடமாவது பேசியிருப்பாரா என்ற ஐயம் எழுகிறது.

நான் எழுதியுள்ள திரைக்கதையில், ஓராண்டாகப் போதையைத் தொடாத நாயகனின் வீட்டுக்கு நள்ளிரவில் கறுப்பு அங்கி அணிந்த ஒருவன் வருகிறான். கையில் பாட்டில், குடிக்காவிட்டால் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறான். படித்த நண்பர்கள் 'பயமே வரவில்லை' என்கிறார்கள். எங்கே கோளாறு?

மிரட்டலில்தான். இச்சை யாரையும் மிரட்டிக் குடிக்கவைப்பதில்லை. அது ஆறுதல் சொல்லும். உங்கள் கறுப்பு அங்கிக்காரனை எதிர்த்து நிற்பது நாயகனுக்கு எளிது, ஏனென்றால் கொல்ல வருபவனை எவரும் எதிர்ப்பார்கள். 'நீ களைத்துப்போயிருக்கிறாய், கொஞ்சம் உட்கார்' என்று சொல்பவனை எதிர்ப்பதுதான் கடினம்.

1980-இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஐந்து மாதமாகக் குடிக்காதிருக்கும் நாயகன், ஆளில்லாத மது அரங்கில் தனியே உட்கார்ந்து, ஒரு கோப்பை பீருக்காக ஆன்மாவையே தந்துவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அதன் பிறகுதான் பரிமாறுபவன் எதிரே தோன்றுகிறான். அவன் மரியாதையாகப் பேசுகிறான், கடனுக்குத் தருகிறான், குறைகளைப் பொறுமையாகக் கேட்கிறான். அழைத்தவன் மனிதன், வந்தது தோற்றம் என்ற அந்த வரிசையை உங்கள் கதையிலும் கடைப்பிடித்துப் பாருங்கள்.

வசனத்துக்கு வருகிறேன். உங்கள் பிரதியில் வந்தவன் 'உன்னால் என்னிடமிருந்து தப்ப முடியாது' என்கிறான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இப்படித் தொடங்கலாம். நாயகன் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றுகிறான். வந்தவன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நாயகன் திடுக்கிடவும் இல்லை.

'இன்றைக்கு அவர் உன்னிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.'

'பரவாயில்லை.'

'ஓராண்டாகிறது. யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?'

'நான் அவர்களுக்காக நிறுத்தவில்லை.'

'அதைத்தான் நானும் சொல்கிறேன். உனக்காக நிறுத்தினாய். நிறுத்த முடியும் என்று காட்டியும் விட்டாய். நிறுத்தத் தெரிந்தவனுக்கு இனி என்ன பயம்?'

இதில் ஒரு சொல்கூட மிரட்டல் இல்லை. பாராட்டே கண்ணியாகிறது. இச்சையின் வாதங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு: 'ஒன்றே ஒன்று', 'இன்றைக்கு மட்டும்', 'யாருக்குத் தெரியப்போகிறது', 'இவ்வளவு பட்டவனுக்கு இதுகூடக் கிடையாதா', 'இப்போதுதான் கட்டுப்பாடு வந்துவிட்டதே'. இவற்றை ஒருவர் தன்னிடமே சொல்லிக்கொள்வதால்தான் இவை பலிக்கின்றன. ஆகவே உங்கள் உருவத்துக்கு நான் விதிக்கும் ஒரே நிபந்தனை, நாயகனுக்குத் தெரியாத எதுவும் அதற்கும் தெரியக்கூடாது. எதிர்காலம் சொல்வது, அடுத்த வீட்டு ரகசியம் சொல்வது போன்ற சக்திகளைக் கொடுத்த கணத்தில் அது வேறொருவனாகிவிடுகிறது; பழியும் அவனுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு நுட்பத்தை அறிவியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் முன்வைத்த கொள்கையின்படி, ஒன்றை வேண்டுவதும் அதைச் சுவைப்பதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள். போதை பழகப் பழக வேட்கை ஏறிக்கொண்டே போகும். இன்பமோ கூடாமல் நிற்கும், குறையவும் செய்யும். ஆகவே 'எவ்வளவு இனிமையாக இருந்தது' என்று உங்கள் உருவம் வருணிக்க வேண்டியதே இல்லை. நாயகனே 'அதில் இப்போது சுகமே இல்லை' என்று சொல்லட்டும். உருவம் அதை ஒத்துக்கொண்டுவிட்டு, பாட்டிலை மட்டும் அங்கிருந்து அகற்றாமல் இருக்கட்டும். நண்பர்கள் அப்போது பயப்படுகிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.

மீட்சிக்கு ஆண்டுக்கணக்காகும். பதினைந்து, இருபது நிமிடக் குறும்படத்தில் அதை எப்படி அடக்குவது?

அடக்க முயலாதீர்கள். ஆஸ்கர் விதிகளின்படி தலைப்பு அட்டைகளையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். அந்த முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டாலும் ஆண்டுகளை அடக்கினால் சுருக்கக் குறிப்புதான் மிஞ்சும். சிகிச்சை மையத்தில் சேர்வது, அழுவது, நாள்காட்டி புரள்வது, வெளியே வந்து வெயிலைப் பார்ப்பது என்று வேகமாக ஓடும் காட்சித் தொகுப்புகள் எனக்கு அலுத்துவிட்டன.

குறும்படத்தின் அளவுக்கென்றே வாய்த்தது ஒரே ஓர் இச்சை. மனத்தில் எழும் ஏக்கம், தீனி போடாமல் விட்டால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டுத் தணிந்துவிடுகிறது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை வைத்தே ஒரு பயிற்சியை வகுத்தார்: ஏக்கத்தோடு மல்லுக்கட்டாமல், அதை அலையாகப் பாவித்து, உடலில் எங்கே எழுகிறது, எங்கே இறுகுகிறது என்று கவனித்தபடி அது வடியும்வரை மேலேயே மிதந்திருப்பது. எழுச்சி, உச்சி, தணிவு என்ற இந்த வடிவத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் விலைகொடுத்து வாங்குவார். ஓர் இச்சை எவ்வளவு நேரம் நீடிக்குமோ அவ்வளவு நேரமே படமும் ஓடட்டும்; வெட்டி ஒட்டிக் காலத்தைத் தாண்டாதீர்கள்.

முதல் நிமிடத்தில் ஒரு தூண்டல் வேண்டும். அது மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனா ரோஸ் சில்ட்ரெஸ் என்பவரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கோகெயின் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் போதை சார்ந்த படங்களை 33 மில்லிவினாடி மட்டும் காட்டினார்கள். பார்த்ததாகவே அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. திரையில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 42 மில்லிவினாடி என்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் மூடி திறக்கும் ஓசை, பழைய சட்டைப் பையில் கிடைக்கும் ஒரு பில், அவ்வளவு போதும். நாயகனுக்கே தெரியாமல் அது நிகழ்ந்து, இரண்டு நிமிடம் கழித்து உருவம் வந்து நின்றால், இவன் எங்கிருந்து வந்தான் என்று பார்வையாளர் பின்னோக்கித் தேடுவார்.

ஓராண்டு, இரண்டாண்டு கழித்துமா பேய் வரும்? முதல் வாரத்தில் வந்தால்தானே நம்பும்படி இருக்கும்?

நாள் செல்லச் செல்ல ஏக்கம் சீராகக் குறைந்துகொண்டே வரும் என்று நாம் நினைக்கிறோம்; அது அவ்வளவு சீராக நடப்பதில்லை. கோகெயினுக்குப் பழகிய எலிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. போதையை நிறுத்திய பிறகு, அதை நினைவூட்டும் குறிகளைக் கண்டால் அவை போதையைத் தேடும் வேகம் முதல் இரண்டு மாதங்களில் கூடிக்கொண்டேதான் போயிற்று. மனிதர்களிடமும் பாதுகாப்புணர்வு வந்த பிறகே பல சறுக்கல்கள் நிகழ்கின்றன. முதல் வாரத்தில் எல்லாரும் காவல் இருப்பார்கள். ஓராண்டு நிறைவன்று வாழ்த்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். எனக்குப் பேய் வேலை கொடுத்தால் நான் அந்த இரவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மீண்டு வரும் என் கணவருடன் இத்தகைய குறும்படம் ஒன்றைப் பார்த்தேன். கோப்பையில் மது ஊற்றும் காட்சி நெருக்கத்தில் வந்ததும் எழுந்து போய்விட்டார். இரவு முழுவதும் பேசவில்லை. அவர் மனவுறுதி குன்றியிருக்கிறதா? இனி இப்படிப்பட்ட படங்களைத் தவிர்க்க வேண்டுமா?

அம்மா, அவர் எழுந்து போனதை உறுதிக் குறைவு என்று எண்ண வேண்டாம். தன்னால் எதைப் பார்க்க முடியாது என்று தெரிந்து, அந்த இடத்தை விட்டு அகன்றிருக்கிறார். மீட்சி மையங்களில் இதைத்தான் பயிற்றுவிக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அறியாமல் பட்ட காட்சிக்கே மூளை விழித்துக்கொள்ளும்போது, பெரிய திரையில் நுரை பொங்குவதைக் காட்டினால் என்ன ஆகும்? அவருடைய மௌனத்துக்கு வெட்கமும் காரணமாக இருக்கலாம். 'ஏன் எழுந்து போனீர்கள்' என்று காரணம் கேட்பதைவிட, 'அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு, உதவிக் குழுவில் அவருக்கு நெருக்கமான ஒருவர் இருந்தால் அவரிடம் பேசச் சொல்லுங்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் நாட்கணக்கில் நீடித்தால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அவை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கணவரே சொல்லட்டும். அவருக்காக நீங்கள் தணிக்கை செய்யத் தொடங்கினால் வீட்டில் இருவருக்கும் மூச்சுமுட்டும்.

இந்தக் கடிதத்தைப் படம் எடுப்பவர்கள் இரண்டுமுறை படிக்க வேண்டும். போதையின் கொடுமையைச் சொல்கிறேன் என்று கிளம்பி, விளம்பரப்படத்துக்கு உரிய ஒளியமைப்பில் கோப்பையைக் காட்டுகிறீர்கள். ஊற்றும் ஓசையைத் தனியே பதிவுசெய்து கூட்டி வைக்கிறீர்கள். ஊசி ஏறும் இடத்தை மிக அருகே சென்று எடுக்கிறீர்கள். இந்தக் கதை யாருக்கு மிக நெருக்கமானதோ அவரால் இதைப் பார்க்க முடியாமல் போகிறது. பொருளைக் காட்டாமல் அதைப் பார்க்கும் முகத்தைக் காட்டுங்கள். நல்ல நடிகர் ஒருவர் எச்சிலை விழுங்குவதில் எல்லாம் வந்துவிடும்.

உருவம் உண்மையாகவே இருக்கிறதா, நாயகனின் மனத்தில் மட்டும் இருக்கிறதா என்பதைப் படத்தில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பார்வையாளரிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் மட்டும் முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாறாதிருங்கள். பொருள்களைத் தொட முடியாத உருவம் பதினான்காம் நிமிடத்தில் கதவைத் திறந்தால் அதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும். கண்ணாடியில் தெரியாத உருவம், சிமிட்டும் விளக்கு, சிவப்பு ஒளி ஆகிய மூன்றுக்கும் சில ஆண்டு ஓய்வு கொடுத்தால் நன்று.

பேய் அமானுஷ்யம், மீட்பு மட்டும் மனித முயற்சி என்றால் நியாயமா? உதவிக் குழுக்களே 'உயர்ந்த சக்தி' என்ற ஒன்றைப் பேசுகின்றனவே. தேவதையோ தெய்வமோ வந்து காப்பதாக வைக்கக் கூடாதா?

சிந்திக்கவைத்த கேள்வி. குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. படமெடுக்க விரும்புகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடையும் கூட.

அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன் 1934 டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சிகிச்சையில் இருந்தபோது, அறை முழுவதும் பேரொளி நிறைந்ததாகவும், மலையுச்சியில் நிற்கும் தன்மேல் காற்று வீசியதாகவும் உணர்ந்தார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. சிகிச்சையில் கொடுத்த மருந்துகளின் விளைவு அது என்பாரும் உண்டு, இறையனுபவம் என்பாரும் உண்டு. குறும்படம் எடுப்பவர் பலர் இந்த ஒளியோடு படத்தை முடித்துவிடுவார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து, 1935 மே மாதத்தில், தொழில் காரியமாக ஒஹாயோ மாநிலத்தின் அக்ரான் நகருக்குப் போயிருந்தார் வில்சன். காரியம் கெட்டுப்போயிற்று, கையில் பணமும் குறைவு, ஊரில் தெரிந்தவரும் இல்லை. மேஃப்ளவர் ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மது அரங்கு, உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் தொலைபேசி, அருகில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். அந்த நேரத்தில் பேரொளி எதுவும் வரவில்லை. தன்னைப்போலவே குடியால் துன்புறும் இன்னொருவரிடம் பேசினால்தான் தப்ப முடியும் என்று தோன்றி, அவர் தொலைபேசியை எடுத்தார். பாதிரியார் ஒருவர் கிடைத்தார். அவர் தந்த பெயர்கள் வழியாகச் சுற்றிச் சுற்றி, மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். ஸ்மித்தும் மீளமுடியாமல் தவித்துக்கொண்டிருந்த குடிநோயாளர். இருவரும் பேசிய பேச்சிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது.

ஒரே கூடம், ஒரே மனிதர், இரண்டு பக்கம் இரண்டு கதவு. இதற்குமேல் ஒரு சோதனைக் காட்சியை எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதில் உருவம் ஒன்றை நுழைத்தே ஆக வேண்டும் என்றால் அது மது அரங்கின் வாசலில் நிற்கலாம். தொலைபேசியின் பக்கம் தேவதையை நிறுத்தினீர்களானால் எல்லாம் கெட்டது. அந்தக் கருவியின் மறுமுனையில் அரைத்தூக்கத்தில், அலுப்போடு பேசும் சாதாரண மனிதக் குரல்தான் இருக்க வேண்டும்.

தெய்வத்தை இதனால் தள்ளிவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த அமைப்பு மீட்சிக்கு வகுத்து 1939-இல் அச்சான பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு இருக்கிறது. அவரவர் புரிந்துகொண்டபடியான இறைவன் என்று வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1961 ஜனவரியில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில், மதுவின் மேலுள்ள தாகம் முழுமைக்கான ஆன்மிகத் தாகத்தின் கீழ்நிலை வடிவம் என்ற கருத்தைச் சொன்னார். இந்தக் கருத்தை ஏற்பவர் தம் படத்தில் அதைப் பொதிந்து வைக்கலாம். தெய்வம் நேரில் இறங்கிவந்து பாட்டிலைத் தட்டிவிடும் காட்சியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் கை நாயகனுடையதாக இருக்க வேண்டும்.

முடிவில் நாயகன் வெல்ல வேண்டுமா, வீழ வேண்டுமா? வென்றால் பிரசாரம் என்கிறார்கள். வீழ்ந்தால் நம்பிக்கையைக் கெடுக்கிறது என்கிறார்கள்.

இரண்டு குற்றச்சாட்டுக்கும் வேர் ஒன்று: ஒருமுறை குடித்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம். மார்லட் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். விரதம் உடைந்த ஒருவர், 'இனி என்ன இருக்கிறது, நான் இப்படித்தான்' என்ற குற்றவுணர்விலேயே மேலும் குடிக்கிறார்; முதல் கோப்பை தந்த கேட்டைவிட அந்தத் தீர்ப்பு தரும் கேடு பெரிது. ஒரு சறுக்கலும் முழு வீழ்ச்சியும் வேறுவேறு என்பதை உணர்த்துவதே சிகிச்சையின் பெரும்பகுதி.

இப்போது உங்கள் பேயை எண்ணிப் பாருங்கள். நாயகன் முதல் வாய் குடித்ததும் அது என்ன செய்யும்? பெரும்பாலான படங்களில் சிரித்துவிட்டு மறைந்துவிடுகிறது, திரை இருள்கிறது. பேயின் தீர்ப்பைப் படமும் ஏற்றுக்கொண்டது என்றுதான் அதற்குப் பொருள். நான் எழுதினால் அது போகாது. உட்கார்ந்து, அதே கனிவான குரலில், 'பார்த்தாயா, இனி யாரையும் அழைத்துப் பயனில்லை' என்று சொல்லும். சோதனையின் இரண்டாம் பாதி அங்கேதான் தொடங்குகிறது. பாதிக் கோப்பையோடு ஒருவர் எழுந்து கதவைத் திறக்கிறாரா என்பதில் வெற்றி தோல்வி இரண்டையும்விடப் பதற்றம் அதிகம்.

டாக்டர் பாப் ஸ்மித்தே வில்சனைச் சந்தித்த சில வாரங்களில் மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடியும் குடித்தார். திரும்பிவந்து, 1935 ஜூன் 10-ஆம் நாள் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் இயக்கம் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. போதை நோயில் மறுபடி சறுக்குபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்றும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களில் சிகிச்சை தவறுபவர்களோடு இது ஒப்பிடத்தக்கது என்றும் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்று காட்டியது. ஆஸ்துமாக்காரருக்கு மறுபடி மூச்சிரைத்தால் அவரைப் பேய் வென்றுவிட்டது என்று எவரும் சொல்வதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கதை ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளைப் பற்றியதானால் சறுக்கலை இலேசாகக் காட்டாதீர்கள். சில வாரம் விலகியிருந்தாலே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அந்தச் சாவு தண்டனையும் அன்று, பேயின் வேலையும் அன்று, மருந்தியல். அதைப் பழிவாங்கும் ஆவியின் கைவரிசையாகக் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

பேய் வரும் இடம் பாழடைந்த வீடாகவே இருக்கிறதே. வேறு இடமே கிடையாதா?

அவரவர் குடித்த இடமே போதும். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில், வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி அமெரிக்கா திரும்பிய படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்தார். திரும்பிய முதலாண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீத அளவிலேயே இருந்தார்கள். காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பழகிய இடமும் சூழலும் ஆட்களும் அகன்றது அவற்றுள் முக்கியமானது. சிகிச்சை முடித்துப் பழைய அறைக்கே திரும்புபவருக்கு நிலைமை நேரெதிர்: நாற்காலி, சன்னல், மாலை ஆறு மணி, எல்லாமே அவரைப் பெயர் சொல்லி அழைக்கும். ஒட்டடை தொங்கும் மாளிகையைத் தேடி அலையாமல், துப்புரவான, நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையில் படமெடுங்கள்.

வரைகலைக்குப் பணமில்லை. நாயகனையும் உருவத்தையும் ஒரே நடிகர் செய்யலாமா?

செய்யலாம், பணம் இருந்தாலும் அதையே பரிந்துரைப்பேன். 'தி ஃபாண்டம் கேரேஜ்' வெளிவந்த 1921-இல் கணினி இல்லை. ஒரே படச்சுருளில் மறுபடி மறுபடி பதிவுசெய்து, ஊடுருவித் தெரியும் உருவங்களை அந்தக் கலைஞர்கள் உருவாக்கினார்கள். உங்களுக்கு அதுகூட வேண்டாம். காமிரா அசையாமல் இருக்க, இருவர் பக்கங்களையும் தனித்தனியே எடுத்து இணைக்கும் வசதி இலவச மென்பொருள்களிலேயே உண்டு. இருவரும் ஒருவரையொருவர் கடந்து நடக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உருவத்தின் வரிகளை முதலில் பதிவுசெய்து, நாயகனாக நடிக்கும்போது காதில் ஒலிக்கவிடுங்கள். பதில் சொல்லும் இடைவெளி அப்போதுதான் இயல்பாக அமையும். குரலை எதிரொலி சேர்த்து மாற்ற வேண்டாம். ஆடையில் ஒரு வேறுபாடு போதும்: நாயகன் கசங்கிய சட்டையில் இருந்தால், உருவம் அதே சட்டையைத் தேய்த்து மடிப்புக் கலையாமல் போட்டிருக்கட்டும்.